டிரை வெயிட் என்றால் என்ன? டயாலிசிஸ் செய்பவரின் பிரஷர் ஏன் மாத்திரைக்கு அடங்குவதில்லை

சுங்கை சிப்புட் டவுனில், ஒரு கடை வரிசையில் இருக்கிற டயாலிசிஸ் சென்டருக்கு என் சித்தப்பாவை வாரம் மூன்று நாள் கூட்டிக்கொண்டு போகிறேன். திங்கள், புதன், வெள்ளி. விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவோம். உள்ளே போனதும் முதல் வேலை, செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறி நிற்பது. போன வருடம் ஒரு திங்கட்கிழமை தராசு 61.2 காட்டியது. அவருடைய அட்டையில் டிரை வெயிட், அதாவது மிச்சத் தண்ணீர் எல்லாம் போன பிறகு இருக்க வேண்டிய எடை, 58 கிலோ என்று எழுதியிருந்தது.

"அங்கிள், மூணு கிலோவுக்கு மேல ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்களே" என்றார் மிஸ்ஸி, அதாவது அங்குள்ள நர்ஸ்.

"ரெண்டு நாளா வெறும் கஞ்சிதான் மிஸ்ஸி. எங்கேருந்து மூணு கிலோ வரும்?"

பிரஷர் பார்த்தால் 182. நான்கு மணி நேரம் மெஷினில் படுத்து எழுந்த பிறகு 150. அவர் ஏற்கெனவே பிரஷருக்கு மூன்று விதமான மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அந்த மாதம் நாலாவது ஒன்றும் சேர்ந்தது. எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. மாத்திரை கூடக் கூட பிரஷர் இறங்கத்தானே வேண்டும், இவருக்கு மட்டும் ஏன் இறங்கவில்லை? அந்தக் கேள்வியோடு படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. நம் வீடுகளில் யாரோ ஒருவர் மெஷினுக்குப் போகிற நிலைமை வந்துவிட்டது, மலேசியாவில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் 50,000 பேருக்கு மேல். அதனால் எனக்குப் புரிந்ததை எளிமையாக எழுதிவிடுகிறேன்.

முதலில் கிட்னி என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் குட்டி வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிட்டு, வேண்டாத அழுக்கும் மிஞ்சிய உப்பும் சேர்ந்த ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே அனுப்புகின்றன. கிட்னி என்றால் அழுக்கு எடுப்பது என்று மட்டும்தான் நாம் நினைக்கிறோம். ஆனால் இன்று எவ்வளவு உப்பை வைத்துக்கொள்ளலாம், எவ்வளவு தண்ணீரை வெளியே விடலாம் என்று நிமிடத்துக்கு நிமிடம் கணக்குப் பார்ப்பதும் அதுதான். இந்தக் கணக்கு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதில்தான் பிரஷர் கதை தொடங்குகிறது.

தோட்டத்து லயத்தில் இருந்தவர்களுக்குத் தண்ணீர்த் தாங்கி ஞாபகம் இருக்கும். தாங்கி நிறைந்திருந்தால் குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். தாங்கியில் அவ்வளவாகத் தண்ணீர் இல்லாவிட்டாலும், குழாய் வாயை விரலால் பாதி அடைத்தால் அப்போதும் சீறும். ரத்தத்துக்கும் இப்படித்தான். ரத்தக் குழாய்க்குள் உப்புத் தண்ணீர் அதிகமாக நிறைந்தால் பிரஷர் ஏறும். ரத்தக் குழாய் இறுகிச் சுருங்கினாலும் பிரஷர் ஏறும். இரண்டும் வேறு வேறு காரணம், கையில் கட்டிப் பார்க்கிற மெஷினில் எண் மட்டும் ஒன்று போலவே தெரியும்.

நாம் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரைகளில் பெரும்பாலானவை ஒன்று, இறுகிய குழாயைத் தளர்த்தும், அல்லது இதயம் அடிக்கிற வேகத்தைக் குறைக்கும். தாங்கியில் நிறைந்துவிட்ட தண்ணீரை அவை இறக்காது. அந்த வேலைக்கென்று இருப்பது சிறுநீரைக் கூட்டுகிற மாத்திரை, ஆனால் சிறுநீரே போகாத ஒருவருக்கு அதனால் என்ன பலன்? அப்படிப்பட்டவருக்கு டயாலிசிஸ் மெஷின்தான் சிறுநீர். அங்கே எடுக்காத தண்ணீர் அடுத்த முறைவரை உள்ளேயேதான் கிடக்கும்.

குழாய் இறுகுவதிலும் கிட்னிக்குப் பங்கு உண்டு. 1934-இல் ஹாரி கோல்ட்பிளாட் என்ற அமெரிக்க மருத்துவர் நாய்களின் கிட்னிக்குப் போகும் ரத்தக் குழாயைச் சிறு கிடுக்கியால் பாதி இறுக்கிப் பார்த்தார், நாய்களுக்கு ரத்தக் கொதிப்பு வந்தது. தனக்கு ரத்தம் போதவில்லை என்று கிட்னி நினைத்தால் ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது, அதன் விளைவாக உடம்பு முழுவதும் குழாய்கள் சுருங்குகின்றன. ஆக, பிரஷர் கிட்னியைக் கெடுக்கும், கெட்ட கிட்னி பிரஷரை ஏற்றும். எது முதலில் வந்தது என்று பல பேருக்குச் சொல்லவே முடியாது. இங்கே புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மூல காரணம் இனிப்பு நீர் (நீரிழிவு), அடுத்த இடம் ரத்தக் கொதிப்புக்கு.

சரி, கஞ்சிக்கு வருவோம். சித்தப்பா பொய் சொல்லவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கஞ்சிதான் குடித்தார். தொட்டுக்கொள்ள என்ன? நெத்திலிச் சம்பல், மாங்காய் ஊறுகாய், ஒரு வேளை கருவாடு. கஞ்சியே தண்ணீர், கூட்டாளிகள் எல்லாம் உப்பு.

ஆஸ்பத்திரியில் கையில் ஏற்றுகிற சேலைன் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். அதில் 1 லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நம் ரத்தத்தின் உப்பு அளவுக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கணக்கு. உடம்பு இந்த அளவை விட்டுக்கொடுக்காது. உப்பு உள்ளே போனால், அதற்கு ஈடான தண்ணீர் வந்து சேரும்வரை தாகம் விடாது. அப்படியானால் சிறுநீர் போகாத ஒருவர் 9 கிராம் உப்பைச் சாப்பிட்டார் என்றால், ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்காமல் அவரால் இருக்க முடியாது. ஒரு லிட்டர் என்றால் தராசில் ஒரு கிலோ.

2017, 2018-இல் நாடு முழுக்க நடந்த ஆய்வில், மலேசியப் பெரியவர் ஒருவர் சராசரியாக ஒரு நாளைக்கு 7.9 கிராம் உப்பு சாப்பிடுகிறார் என்று தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மெஷினிலிருந்து எழுந்து திங்கள் காலை திரும்பப் போவதற்குள் ஏறக்குறைய மூன்று நாள். எல்லோரையும் போலச் சாதாரணமாகச் சாப்பிட்டாலே 23, 24 கிராம் உப்பு, அதற்கு ஈடாக இரண்டரை லிட்டருக்கு மேல் தண்ணீர். கருவாடும் ஊறுகாயும் கூடச் சேர்ந்தால் மூன்று கிலோ ஏறியதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் டயாலிசிஸ் நோயாளியைத் தண்ணீருக்காகத் திட்டுகிறோம். சித்தி சொம்பை ஒளித்து வைத்தார், குழந்தைகள் வேவு பார்த்தன, மனிதர் ராத்திரியில் எழுந்து குளியலறைக் குழாயில் வாய் வைத்துக் குடித்தார். அறுபத்தெட்டு வயதில் ஒருவரை அந்த நிலைக்குத் தள்ளிவிட்டோமே என்று இன்றைக்கும் எனக்கு மனசு கேட்கவில்லை. சார்லஸ் டாம்சன் என்ற இங்கிலாந்து கிட்னி மருத்துவர் 2001-லேயே எழுதிவிட்டார்: உப்பைக் குறைக்கச் சொல்லாமல் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது, அது வீண் வேலை என்று. தாகத்தைத் திட்டி நிறுத்த முடியாது. உப்பைக் குறைத்தால் தாகமே குறையும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குச் சர்க்கரை ஏறினாலும் தாகம் எடுக்கும், அதையும் கவனிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்று கடையில் விற்கிற சோடியம் குறைந்த உப்பை வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். கிட்னி வேலை செய்யாதவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். இளநீரிலும் பொட்டாசியம் நிறைய உண்டு. அப்புறம், பிரஷருக்கு நல்லது என்று பிளிம்பிங் பழத்தை ஜூஸ் அடித்துக் கொடுக்கிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அந்த நட்சத்திரப் பழத்தில் மூளையைத் தாக்குகிற ஒரு நஞ்சு உள்ளது. நல்ல கிட்னி அதை வெளியேற்றிவிடும், கெட்ட கிட்னியால் முடியாது. விடாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிரே போனவர்கள் இருக்கிறார்கள். டயாலிசிஸ் செய்கிறவர் ஒரு துண்டுகூடச் சாப்பிடக் கூடாது.

இனி டிரை வெயிட். உடம்பில் மிச்சமாகத் தேங்கிய தண்ணீர் எல்லாம் போன பிறகு ஒருவர் எவ்வளவு எடை இருப்பாரோ அதுதான் டிரை வெயிட். அதற்கு மேல் இருந்தால் கால் வீங்கும், மூச்சு வாங்கும், பிரஷர் ஏறும். அதற்குக் கீழே இழுத்தால் தலை சுற்றும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், பிரஷர் தடாலென்று விழும். மெஷினில் படுப்பதற்கு முன் தராசு காட்டுகிற எடையிலிருந்து டிரை வெயிட்டைக் கழித்தால், அன்றைக்கு எடுக்க வேண்டிய தண்ணீர் எவ்வளவு என்று தெரியும். எல்லாக் கணக்கும் அந்த ஒரு எண்ணை நம்பித்தான் நடக்கிறது.

ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது? ரத்தப் பரிசோதனையில் வருவதில்லை. டாக்டர் காலை அழுத்திப் பார்த்து, நெஞ்சைக் கேட்டு, பிரஷரைப் பார்த்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, எங்கே நோயாளிக்கு முடியாமல் போகிறதோ அதற்குச் சற்று மேலே நிறுத்துகிறார். உடம்பின் நீரை அளக்கிற கருவிகள் சில இடங்களில் உண்டு, அவையும் துணைக்குத்தான். ஆக, டிரை வெயிட் என்பது கவனமாகப் போட்ட மதிப்பீடு. மதிப்பீடு என்றால் அவ்வப்போது திரும்பப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். அந்தத் திங்கட்கிழமைக்கு இரண்டு மாதம் முன்னால் சித்தப்பா நிமோனியாவில் விழுந்து இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சாப்பாடு இறங்கவில்லை, தசை கரைந்து தோள் எலும்பு தெரிந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அட்டையில் அதே 58. யாரும் மாற்றவில்லை. அதாவது உடம்பு இளைத்து அவருடைய நிஜ எடை 56 பக்கம் போயிருக்க, நாங்கள் 58-க்கு இறக்கிவிட்டு வேலை முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். கரைந்த சதையின் இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொண்டது. தராசு மாறவே இல்லை, அதனால் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த இரண்டு லிட்டரை அடக்கத்தான் நாலாவது மாத்திரை. எனக்கு இதில் கோபம் உண்டு. இரண்டு வாரம் படுத்துக் கிடந்த ஆளின் டிரை வெயிட்டை உடனே திரும்பப் பார்க்க வேண்டும் என்பது இந்தத் துறையில் பாலபாடம்.

பிறகு புதிதாக வந்த டாக்டர் ஒருவர் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் இறக்கச் சொன்னார். 57.5, 57, 56.5. எடை இறங்கிய உடனே பிரஷர் இறங்கவில்லை, ஐந்தாறு வாரம் பிடித்தது. இது வழக்கம்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தண்ணீர் போன பிறகும் இறுகிப் பழகிய குழாய்கள் தளர்வதற்கு வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில்கூட. அந்த இடைவெளியில் நம்பிக்கை இழந்து இன்னொரு மாத்திரைக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். சித்தப்பாவுக்கு இரண்டு மாதம் கழித்து டாக்டரே இரண்டு மாத்திரையை நிறுத்தினார். டாக்டர் நிறுத்தினார் என்பதை மறுபடியும் சொல்கிறேன், இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1943-இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் போர்க்காலத்தில் நடைமுறைக்கு உதவிய முதல் செயற்கைக் கிட்னியைக் கட்டினார். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிய ரத்தக் குழாயைத் திறக்க வேண்டியிருந்ததால் நிரந்தரமாக யாருக்கும் செய்ய முடியவில்லை. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையிலேயே விட்டு வைக்கிற டெஃப்லான் குழாயைக் கண்டுபிடித்த பிறகுதான் வாரா வாரம் செய்கிற டயாலிசிஸ் வந்தது. அவருடைய முதல் நிரந்தர நோயாளி கிளைடு ஷீல்ட்ஸ் என்ற இயந்திரத் தொழிலாளி. அவருக்குப் பயங்கர ரத்தக் கொதிப்பு, மெஷினில் தண்ணீரை இழுத்து, உப்பைக் கட்டுப்படுத்தித்தான் அதை அடக்கினார்கள். அவர் இன்னும் 11 வருடம் வாழ்ந்தார். பின்னர் பிரான்ஸில் டாசான் என்ற ஊரில் பெர்னார்ட் ஷாரா என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும், வாரம் மூன்று முறை 8 மணி நேரம் மெதுவாக டயாலிசிஸ், கூடவே உப்புக் குறைந்த சாப்பாடு என்று நடத்தினார்கள். அங்கே பெரும்பாலான நோயாளிகளுக்குப் பிரஷர் மாத்திரையே தேவைப்படவில்லை.

ஆனால் ஒரு நியாயமான கேள்வி வரும். டாசானில் நன்றாக இருந்தார்கள் என்றால், அது தண்ணீர் எடுத்ததாலா, எட்டு மணி நேரத்தாலா, அந்த ஊர்ச் சாப்பாட்டாலா? பார்த்ததை வைத்து மட்டும் முடிவு கட்டினால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு டயாலிசிஸ் ஆராய்ச்சியிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் கணக்கைப் பார்த்தபோது, டயாலிசிஸுக்கு முன் பிரஷர் குறைவாக இருந்தவர்கள்தான் அதிகமாக இறந்திருந்தார்கள். அப்படியானால் பிரஷர் ஏறியிருந்தால் நல்லதா? இல்லை. பால்மரம் வெட்டியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கிழட்டு மரம் பால் குறைவாகத்தான் கொடுக்கும், அதற்காகப் பால் குறைந்ததால்தான் மரம் கிழடாயிற்று என்று சொல்வோமா? இதயம் பலவீனமானவர்களுக்குப் பிரஷர் தானாகவே குறைவாக இருக்கும். அவர்கள் இறந்தது இதயத்தால், குறைந்த பிரஷர் அதன் அடையாளம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் மருத்துவத்தில் சீட்டுக் குலுக்கல் முறை வந்தது. கூட்டுப் பணத்துக்குச் சீட்டு எடுக்கிற மாதிரிதான். யார் எந்தப் பக்கம் என்பதை டாக்டரும் தேர்ந்தெடுக்க மாட்டார், நோயாளியும் தேர்ந்தெடுக்க மாட்டார், சீட்டு தீர்மானிக்கும். அப்படிப் பிரித்தால் வயதானவர், இளையவர், இதயம் பலவீனமானவர், பலமானவர் எல்லோரும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுவார்கள். அதன்பிறகு ஒரு பக்கம் மட்டும் நன்றாக இருந்தால், அந்தப் பக்கத்துக்குக் கொடுத்த சிகிச்சைதான் காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

டிரை வெயிட்டுக்கு அப்படி ஒரு சோதனை 2009-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் இண்டியானாவில் ராஜீவ் அகர்வால் என்ற கிட்னி மருத்துவரும் அவருடைய குழுவும் செய்தது. மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் அடங்காத 150 டயாலிசிஸ் நோயாளிகளைச் சீட்டுப்படி பிரித்து, 100 பேருக்கு டிரை வெயிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள், 50 பேருக்கு இருந்தபடியே விட்டார்கள். இரு பக்கமும் மாத்திரையை மாற்றவில்லை, மெஷினில் படுக்கிற நேரத்தையும் மாற்றவில்லை. பிரஷரை சென்டரில் ஒரு தடவை பார்த்து எழுதிக்கொள்ளாமல், ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்த டயாலிசிஸுக்கும் இடையே 44 மணி நேரம் இடுப்பில் மாட்டிய கருவியால் திரும்பத் திரும்ப அளந்தார்கள். எட்டு வாரத்தில் முதல் பக்கத்தாரின் எடை சுமார் ஒரு கிலோ இறங்கியது. அவர்களுடைய மேல் பிரஷர், மற்ற பக்கத்தைவிட 6.6 பாயிண்ட் கூடுதலாகக் குறைந்தது. ஒரு கிலோ தண்ணீர், கிட்டத்தட்ட ஒரு மாத்திரையின் வேலையைச் செய்துவிட்டது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அதற்கும் எல்லை உண்டு. 150 பேர் என்பது சிறிய கூட்டம், எட்டு வாரம் என்பது குறுகிய காலம். பிரஷர் இறங்கியதை அது நிரூபித்தது, ஆயுள் கூடுமா என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. எடையை இறக்கும்போது சிலருக்குத் தலை சுற்றலும் கால் இழுப்பும் வந்தன. தண்ணீரை அவசரமாக இழுப்பதும் ஆபத்து. மணிக்கு, உடம்பு எடையில் கிலோவுக்கு 13 மில்லிக்கு மேல் இழுக்கப்பட்டவர்களில் இறப்பு அதிகம் என்று 2011-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இது சீட்டுக் குலுக்கிய ஆய்வு இல்லை, இருந்தாலும் பல சென்டர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்கின்றன. 58 கிலோ ஆளுக்கு நாலு மணி நேரத்தில் இது ஏறக்குறைய 3 லிட்டர். சித்தப்பாவின் 3.2 கிலோ அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது, அப்படிப்பட்ட நாளில் வேகத்தைக் கூட்டுவதைவிட நேரத்தைக் கூட்டுவது நல்லது. அதே 2011-இல் 32,000 பேருக்கு மேற்பட்ட அமெரிக்க நோயாளிகளைப் பார்த்த இன்னோர் ஆய்வில், வாரக் கடைசியின் நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாள்தான் மரணமும் மாரடைப்பும் அதிகம் என்று தெரிந்தது. சனி, ஞாயிறில்தான் கல்யாண விருந்து, கோயில் திருவிழா, பசார் மாலாம் எல்லாம் வருகிறது என்பதை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

சரி, மாத்திரையே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. தண்ணீரை எடுத்த பிறகும் பலருக்கு மாத்திரை வேண்டும். எது என்பதிலும் ஆராய்ச்சி ஆச்சரியம் தந்திருக்கிறது. அதே அகர்வால் குழு 2014-இல் வெளியிட்ட சோதனையில் 200 டயாலிசிஸ் நோயாளிகளுக்குச் சீட்டுப்படி அட்டெனலால், லிசினோப்ரில் என்ற இரண்டு பிரஷர் மாத்திரைகளில் ஒன்றைக் கொடுத்தார்கள். லிசினோப்ரில் பக்கம்தான் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்துத் தொடங்கியது, ஆனால் அந்தப் பக்கத்தில் இதயப் பிரச்சினைகள் அதிகமாக வந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இந்த இரண்டு மருந்தையும் டயாலிசிஸ் மெஷின் ரத்தத்திலிருந்து கழுவிவிடும், அதனால் டயாலிசிஸ் முடிந்த கையோடு வாரம் மூன்று முறை கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் இருப்பவர் எந்த மாத்திரையை மெஷினுக்கு முன் சாப்பிட வேண்டும், எதைப் பின் சாப்பிட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், எங்களுக்கு இது ஒரு வருடம் தெரியாமலே இருந்தது.

பிரஷர் 120-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று யாராவது வாட்சப்பில் அனுப்பினால், அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2015-இல் வெளியான ஸ்பிரிண்ட் என்ற பெரிய சோதனையில் 9,361 பேர் இருந்தார்கள், 120-ஐ இலக்காக வைத்தவர்களுக்கு இதயப் பிரச்சினைகளும் மரணமும் குறைந்தன. அதில் டயாலிசிஸ் நோயாளிகளையும் சேர்க்கவில்லை, இனிப்பு நீர் உள்ளவர்களையும் சேர்க்கவில்லை. ஆக அந்த எண்ணைத் தூக்கி என் சித்தப்பா தலையில் வைக்க முடியாது. அவருக்கு வீட்டில் பார்க்கிற சராசரி 140-க்குள் இருந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் பார்ப்பதுதான் முக்கியம், சென்டரில் மெஷினுக்கு முன்னும் பின்னும் பார்க்கிற எண் அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் மட்டும் எப்போதும் பிரஷர் பட்டையைச் சுற்றக் கூடாது.

ஆராய்ச்சி என்றதும் நம் ஆட்கள், "எங்கள வச்சு சோதனை பண்ணப் பாக்குறாங்க" என்று ஒதுங்குகிறார்கள். தோட்டத்தில் எதைக் கேட்டாலும் கைநாட்டு வாங்கிக்கொண்டு போன காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வருவது இயல்பு. இன்று நிலைமை வேறு. சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நடக்கிற ஆய்வுகளை அமைச்சின் ஆராய்ச்சி நெறிமுறைக் குழு பார்த்து அனுமதிக்க வேண்டும், உங்களுக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும், கையெழுத்துப் போட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது. 2022-இல் முடிவு வெளியான எம்பா கிட்னி சோதனையில் 6,609 பேர் கலந்துகொண்டார்கள், அதில் மலேசிய நோயாளிகளும் உண்டு. எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை, கிட்னி மேலும் கெடுவதையோ இதய நோயால் இறப்பதையோ 28 விழுக்காடு குறைத்தது. இனிப்பு நீர் இல்லாதவர்களுக்கும் பலன் இருந்தது. நம் உடம்புக்கு எது ஒத்துவரும் என்று தெரிய வேண்டுமானால் நம் ஆட்களும் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த மாத்திரை, இன்னும் கிட்னி கொஞ்சம் வேலை செய்கிறவர்களுக்கானது. அவர்களுக்காக ஒரே ஒரு விஷயம். 2018-இல் எடுத்த கணக்கின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.48 விழுக்காட்டினருக்கு நாட்பட்ட கிட்னி நோய் இருந்தது. தங்களுக்கு அது இருக்கிறது என்று அறிந்திருந்தவர்கள் அவர்களில் 5 விழுக்காடு மட்டுமே. பிரஷரோ இனிப்பு நீரோ இருந்தால் அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவும் சிறுநீரில் புரதமும் வருடத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள். மலேசியருக்கு அங்கே பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. முட்டி வலிக்கு மருந்துக் கடையில் வாங்குகிற வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்பதையும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லுங்கள், அவர்கள்தான் அதை மிட்டாய் மாதிரி சாப்பிடுகிறார்கள்.

சித்தி இப்போது கஞ்சிக்குச் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வைக்கிறார், கருவாடு மாதத்துக்கு ஒரு நாள். திங்கட்கிழமைகளில் இரண்டு கிலோவுக்குள்தான் ஏறுகிறது. போன மாதம் சித்தப்பாவுக்கு மெஷினில் படுத்த மூன்றாவது மணியிலிருந்து கால் இழுக்க ஆரம்பித்தது, தலையும் சுற்றியது. நான் பயந்துவிட்டேன். அவர் பயப்படவில்லை.

"மிஸ்ஸி, இப்போ நான் நல்லா சாப்பிடுறேன். சட்டைகூட தோள்ல பிடிக்குது. ஒடம்பு வச்சிருக்கு போல. டாக்டர் வந்தா டிரை வெயிட்ட கொஞ்சம் ஏத்தணுமான்னு கேளுங்களேன்."

டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார், நெஞ்சைக் கேட்டார், அட்டையில் 56.5-ஐ அடித்துவிட்டு 57 என்று எழுதினார். அடுத்த முறை கால் இழுக்கவில்லை.